பெயர் ஒன்று, காகிதம் ஏழு

பெண்களாகிய நமக்குப் பெயர் எத்தனை என்று என்றைக்காவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? தொட்டிலில் போட்டுக் காதில் சொன்ன பெயர் ஒன்று. வீட்டில் கூப்பிடுகிற பெயர் ஒன்று. பள்ளிக்கூடத்தில் அப்பாவின் இனிஷியலோடு ஒன்று. கல்யாணமானதும் கணவரின் இனிஷியலோடு இன்னொன்று. இவை போதாதென்று, ஆங்கிலத்தில் எழுதும்போது ஒவ்வொரு குமாஸ்தாவும் தன் இஷ்டத்துக்கு ஓர் எழுத்தைக் கூட்டிக் குறைத்து எழுதிய பெயர்கள் வேறு! ஆண்களுக்கு இந்தத் தொல்லை பாதிதான். பிறந்தபோது ஒட்டிக்கொண்ட இனிஷியல் கடைசி வரை அவர்களோடு வருகிறது. நமக்கோ பாதி வழியில் வண்டி மாற வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் வேடிக்கையாகப் பேசுகிற விஷயம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2022-ல் என் அப்பா காலமான பிறகுதான் இது சோற்றுக்கும் மருந்துக்கும் சம்பந்தப்பட்ட விஷயம் என்று புரிந்தது.

அப்பா ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வர வேண்டும். பெரிய தொகை இல்லை என்றாலும் அம்மாவுக்கு அதுதான் ஆதாரம். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டுக்கும் மாத்திரை வாங்க வேண்டும். "பொண்ணு வீட்டுக் காசில் மாத்திரை வாங்கிச் சாப்பிடணுமா?" என்று கேட்கிற ரகம் என் அம்மா. எல்லாக் காகிதங்களையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்தவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல இருக்கறது இவங்கதான்னு எப்படி நம்பறது? பேரு ஒத்துப் போகலையே!" என்று பையைத் திருப்பித் தந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து காகிதங்களை வரிசையாகப் பரப்பினோம். மொத்தம் ஏழு.

அம்மாவின் பெயர் விசாலாட்சி. அப்பாவின் ஓய்வூதிய ஆணையில் 'விசாலாக்ஷி' என்று இருந்தது. ஆங்கிலத்தில் கே எஸ் ஹெச் ஐ. ஆதார் அட்டையில் டி சி ஹெச் ஐ. வங்கிப் பாஸ்புத்தகத்தில் 'விசாலாட்சி அம்மாள்'. கேஸ் புத்தகத்தில் 'சாலாட்சி'! வாக்காளர் அட்டையில் கணவர் இனிஷியல், பள்ளிக்கூடச் சான்றிதழில் தகப்பனார் இனிஷியல். பழைய ரேஷன் கார்டிலிருந்து எடுத்து எழுதிய இப்போதைய ஸ்மார்ட் கார்டிலோ 'பாப்பம்மாள்' என்று போட்டிருந்தது. அது எங்கள் தாத்தா அம்மாவைச் செல்லமாகக் கூப்பிட்ட பெயர். எந்தக் காலத்திலோ யாரோ கேட்க, யாரோ சொல்ல, அது அரசாங்கக் காகிதத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

பிறந்த தேதியும் அப்படித்தான். அம்மா 1952 நவம்பரில் நாகப்பட்டினம் பக்கம் அடித்த பெரும் புயலுக்கு மூன்று மாதம் முந்திப் பிறந்தவள். ஆவணி மாதம், சதய நட்சத்திரம். ஆனால் ஜூன் மாதம் பள்ளியில் சேர்க்க ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்பதால், அந்தக் கால வாத்தியார் மே மாதத் தேதி ஒன்றைத் தானே போட்டுக்கொடுத்துவிட்டார். ஆதார் எடுத்த அன்று அம்மா வயதை மட்டும் சொன்னாள். கணக்குப் போட்டதில் வருஷமும் தள்ளி, 1953 ஜனவரி 1 என்று பதிவாகிவிட்டது. தேதி தெரியாமல் வருஷம் மட்டும் தெரிந்தவர்களுக்கு ஜனவரி 1 என்று பதிவது அங்கே வழக்கம். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் அட்டையையும் எடுத்துப் பாருங்கள். எத்தனை பேர் புத்தாண்டில் பிறந்திருக்கிறார்கள் என்று தெரியும்.

அன்று ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. "நாப்பத்தெட்டு வருஷம் அவரோட குடித்தனம் பண்ணியிருக்கேன். நான் நான்தான்னு இனிமே யார்கிட்ட போய்ச் சாட்சி வாங்கறது?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

பதில் சொன்னவள் என் மகள். கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். பாட்டியின் காகிதங்களைப் பார்த்துவிட்டு அவள் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. "அம்மாச்சி மேல சிரிக்கலைம்மா. எங்க ஆபீஸ்ல தினம் பாக்கற வேலையே இதுதான்" என்றாள்.

ஒரே ஆளைப் பற்றி, ஒரே பொருளைப் பற்றி வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு விதமாக எழுதி வைத்திருக்கும் பதிவுகளைத் தேடிப் பிடித்து, 'இதுவும் அதுவும் ஒன்றே' என்று சேர்ப்பது ஒரு தனிச் சாஸ்திரமாம். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திய எனக்கு இது புதிசு. ஆனால் அவள் சொல்லச் சொல்ல, இது நாம் தினமும் செய்கிற காரியம்தான் என்று பட்டது. கல்யாணத்துக்கு வந்த மொய்ப் பணத்தைப் பழைய மொய் நோட்டோடு ஒத்துப் பார்க்கும்போது, 'கீழத்தெரு மாணிக்கம்' என்று இருப்பவரும் 'மாணிக்கம், ரைஸ்மில்' என்று இருப்பவரும் ஒருவர்தானா என்று யோசிக்கிறோமே, அதேதான்.

அமெரிக்காவில் பிறப்பு இறப்புக் கணக்குகளுக்குத் தலைமை அதிகாரியாக இருந்த ஹால்பர்ட் டன் என்பவர் 1946-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாராம். ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு வாழ்க்கைப் புத்தகம் உண்டு. பிறப்புப் பதிவு அதன் முதல் பக்கம், இறப்புப் பதிவு கடைசிப் பக்கம். நடுவில் உள்ள பக்கங்கள் கல்யாணம், ஆஸ்பத்திரி, வேலை என்று ஒவ்வோர் அலுவலகத்தில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தேடி ஒரே புத்தகமாகக் கட்டுவதுதான் இந்த வேலை என்பது அவர் சொன்னதன் சாரம். என் அம்மாவின் புத்தகம் ஏழு பக்கமாகப் பிரிந்து மஞ்சள் பையில் கிடந்தது எனக்கு ஞாபகம் வந்தது.

"சரிடி, எழுத்து மாறினா என்ன பண்றது?" என்று கேட்டேன். தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதிக் காட்டினாள். 1918-லேயே அமெரிக்காவில் ரஸ்ஸல் என்பவர் இதற்கு ஒரு வழிக்குக் காப்புரிமை வாங்கினாராம். 'சவுண்டெக்ஸ்' என்று பெயர். பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளைத் தள்ளிவிட்டு, ஒரே மாதிரி ஒலிக்கும் மெய்யெழுத்துகளுக்கு ஒரே எண் கொடுப்பது. எழுத்து மாறினாலும் ஒலி ஒன்றானால் எண் ஒன்றாக வரும். 1930-களில் அங்கே முதியோர் ஓய்வூதியத் திட்டம் வந்தபோது, பிறப்புச் சான்றிதழ் இல்லாத கிழவர், கிழவிகளின் வயதை நிரூபிக்க, 1880-ஆம் வருஷத்துக் குடிக்கணக்கில் அவர்கள் பெயரைத் தேட வேண்டியிருந்தது. அந்தப் பழைய கணக்குக்கு இந்த முறையில்தான் அட்டவணை போட்டார்கள். ஆக, ஓய்வூதியத்துக்காகக் காகிதத்தோடு மல்லுக்கட்டுவது என் அம்மாவுக்கு மட்டும் வந்த கஷ்டமில்லை!

ஆனால் வெள்ளைக்காரர் பெயர்களுக்காகச் செய்த செருப்பு நம் காலுக்கு முழுசாகப் பொருந்துமா? விசாலாக்ஷி என்று கே எஸ் போட்டு எழுதினால் வி 242 என்று வருகிறது. டி சி ஹெச் போட்டு விசாலாட்சி என்றால் வி 243. போயிற்று! நம் 'ழ' இன்னும் மோசம். பழனி என்பதை எல் போட்டு எழுதினால் பி 450. இஸட் ஹெச் போட்டு எழுதினால் பி 250. வீட்டில் ஒருவர், காகிதத்தில் இருவர். ஆட்களை விடுங்கள், ஊர்களுக்கே இந்தக் கதி உண்டு. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அறிவித்துவிட்டு, சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது நினைவிருக்கும். தமிழை ஆங்கிலத்தில் எழுத எல்லாரும் ஒத்துக்கொள்ளும் ஒரே வழி கிடைப்பது அவ்வளவு சுலபமில்லை.

அதனால் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது, எல்லா அடையாளங்களையும் தராசில் வைத்து எடை போட வேண்டும் என்றாள் என் மகள். இதை முதலில் விளக்கமாகச் செய்து காட்டியவர் கனடாவைச் சேர்ந்த ஹோவர்ட் நியூகம்ப். அணுக் கதிர்வீச்சினால் பரம்பரையாக வரும் பாதிப்புகளை ஆராய்வதற்காக, குழந்தைகளின் பிறப்புப் பதிவுகளைப் பெற்றோரின் கல்யாணப் பதிவுகளோடு கம்ப்யூட்டர் மூலம் சேர்த்தார். 1959-ல் அதைப் பற்றி எழுதினார். அதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அப்பாவின் குடும்பப் பெயரோடு, அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரையும் அவர் சேர்த்துப் பார்த்தார். கல்யாணத்தோடு நாம் விட்டுவிட்டு வருகிற பெயர்தான் அங்கே பூட்டைத் திறக்கும் சாவியாக உதவியது!

எடை போடுவதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டு காகிதத்தில் 'லட்சுமி' என்று இருந்தால் அது பெரிய சாட்சி இல்லை. தெருவுக்கு நாலு லட்சுமி. ஆனால் அபூர்வமான பெயர் ஒன்று இரண்டிலும் இருந்தால் அதற்கு எடை அதிகம். ஆகஸ்ட் 29 என்று இரண்டிலும் இருந்தால் எடை உண்டு. ஜனவரி 1 என்று இருந்தால் அவ்வளவு இல்லை. அதேபோல் ஓர் எழுத்து மாறியிருப்பது சின்னக் குறை. ஆண், பெண் என்று மாறியிருந்தால் பெரிய குறை. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துத்தான் முடிவு.

1969-ல் ஃபெலகி, சண்டர் என்ற இரண்டு பேர் இதையே கணக்காகப் போட்டுக் காட்டினார்களாம். அவர்களும் கனடாவின் புள்ளிவிவர அலுவலகத்தைச் சேர்ந்தவர்கள்தான். நிச்சயம் ஒன்று, நிச்சயம் வேறு, சந்தேகம் என்று மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். சந்தேகக் குவியலை மனிதர் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முறத்தில் அரிசியைப் புடைத்தால் அரிசி ஒரு பக்கம், உமி ஒரு பக்கம் ஒதுங்கும். நடுவில் நிற்கிற நெல்லையும் கல்லையும் கையால்தானே பொறுக்குகிறோம்!

அம்மாவின் விஷயத்திலும் அப்படிக் கையால் பொறுக்குகிற ஒருவர் கிடைத்ததால்தான் காரியம் நடந்தது. ஐந்தாவது தடவை போனபோது, அதே அலுவலகத்தில் வேறு மேஜையில் ஓர் வயதான குமாஸ்தா இருந்தார். "உக்காருங்கம்மா" என்று அம்மாவுக்கு நாற்காலியைக் காட்டிவிட்டு, ஏழு காகிதத்தையும் மேஜையில் பரப்பினார். மாறியிருப்பதை அவர் முதலில் பார்க்கவில்லை. எதெல்லாம் ஒத்துப்போகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தார். கணவர் பெயர் ஆறு காகிதத்தில் ஒன்றாக இருந்தது. ஊர், தெரு, கதவு எண் ஐந்தில் ஒன்றாக இருந்தன. பள்ளிச் சான்றிதழில் இருந்த தாத்தாவின் பெயரும், எங்கள் தாய் வழிச் சொத்துப் பத்திரத்தில் இருந்த பெயரும் ஒன்று. கடைசியாக அப்பாவின் ஓய்வூதியக் காகிதத்தைப் பிரித்தார். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படம் அதில் ஒட்டியிருந்தது. பக்கத்தில் அம்மாவின் அங்க அடையாளம்: 'இடது புருவத்தின் மேல் ஒரு மச்சம்'.

அவர் நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதோ இருக்கு பாருங்க தம்பி" என்று விரலால் தொட்டுக் காட்டினாள். எனக்குத் தொண்டையை அடைத்தது.

பிறகு, விசாலாட்சி, விசாலாக்ஷி, பாப்பம்மாள் எல்லாம் ஒருவரே என்று நோட்டரி முத்திரையோடு ஓர் உறுதிமொழிப் பத்திரம் கொண்டுவரச் சொன்னார். கொடுத்தோம். அப்பா போய் ஏழாவது மாதம், நிலுவையோடு சேர்த்துப் பணம் வந்தது. முதல் வேலையாக அம்மா, அதுவரை நான் வாங்கித் தந்த மாத்திரைக்குக் கணக்குப் பார்த்துப் பணத்தைக் கையில் கொடுத்தாள். வாங்கிக்கொள்ளாவிட்டால் சண்டைக்கு வருவாள் என்று வாங்கிக்கொண்டேன்.

ஒன்றாக இருப்பவரை இரண்டாக நினைப்பது ஒரு தவறு என்றால், இரண்டு பேரை ஒன்றாக நினைப்பது அதைவிட ஆபத்து. எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்மணி ஓர் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்குச் சேர்ந்திருந்தபோது, அதே வார்டில் அதே பெயரில், ஏறக்குறைய அதே வயதில் இன்னொருவர் இருந்தார். இவருடைய ரத்தப் பரிசோதனைச் சீட்டு அவருடைய ஃபைலில் போய்விட்டது. நல்லவேளை, நர்ஸ் ஒருவர் வீட்டுக்காரர் பெயரையும் கேட்டதால் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2007-ல் நோயாளிகளின் பாதுகாப்புக்காகச் சொன்ன யோசனைகளில் இதுவும் ஒன்று: மருந்து கொடுக்கும் முன், ரத்தம் ஏற்றும் முன் பெயரை மட்டும் நம்பாமல், குறைந்தது இரண்டு அடையாளங்களைச் சரிபார்க்க வேண்டும். படுக்கை எண், அறை எண் அந்த இரண்டில் சேராது. படுக்கை இன்றைக்கு ஒருவருக்கு, நாளைக்கு ஒருவருக்கு அல்லவா! ஒவ்வொரு தடவையும் பெயரும் பிறந்த தேதியும் கேட்கிறார்களே என்று நர்ஸிடம் சலித்துக்கொள்ளாதீர்கள். கேட்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

"ஆதார்தான் இருக்கிறதே, இன்னும் எதற்கு இந்தக் குழப்பம்?" என்று கேட்கலாம். 2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் தெம்ப்லி கிராமத்தில் முதல் எண்ணைக் கொடுத்தார்கள். பத்து விரல் ரேகையும் இரண்டு கருவிழியும் எடுத்து, ஏற்கெனவே இருப்பவர்களோடு ஒத்துப் பார்த்த பிறகே 12 இலக்க எண் தருகிறார்கள். ஆதலால் ஒருவருக்கு இரண்டு எண் வராமல் இருக்க அது உதவும். ஆனால் அந்த எண் வருவதற்கு முந்திய ஐம்பது, அறுபது வருஷக் காகிதத்தில் அது இல்லையே! பழையதையும் புதியதையும் சேர்க்க மறுபடியும் பெயரிடமும் தேதியிடமும்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. பான் கார்டையும் ஆதாரையும் இணைக்க, 1000 ரூபாய் கட்டணத்தோடு 2023 ஜூன் 30 வரை கெடு வைத்தபோது எத்தனை வீடுகளில் பெயர் ஒத்துப்போகாமல் திண்டாடினார்கள்! இனிஷியலை விரித்து எழுதியதும் சுருக்கி எழுதியதும் கம்ப்யூட்டருக்கு வேறு வேறு.

சகோதரிகளே, இத்தனை அலைச்சலுக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறேன். உங்களுக்கும் உதவும் என்று சொல்கிறேன்.

ஆளுக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு காகிதத்திலும் அவர் பெயர் தமிழில் எப்படி, ஆங்கிலத்தில் எப்படி, இனிஷியல் யாருடையது, பிறந்த தேதி என்ன என்று உள்ளது உள்ளபடி எழுதுங்கள். எழுதினாலே எங்கே மாறியிருக்கிறது என்று கண்ணில் படும்.

பான் கார்டில் கல்யாணமான பெண்ணுக்கும் தகப்பனார் பெயர்தான் வரும். கணவர் பெயர் வராது. அது பிழையல்ல. அதனால் பிறந்த வீட்டுப் பெயரும் கணவர் பெயரும் சேர்ந்து இருக்கிற ஒரு காகிதத்தையாவது பத்திரப்படுத்துங்கள். திருமணப் பதிவுச் சான்றிதழ் இருந்தால் மிக நல்லது. நம்முடைய இரண்டு பாதிகளையும் ஒட்ட வைக்கும் பசை அதுதான்.

திருத்தும்போது அவசரப்படாதீர்கள். ஆதாரில் பெயரைப் பொதுவாக இரண்டு முறைதான் மாற்ற முடியும். பிறந்த தேதியை ஒரே முறைதான். எந்தக் காகிதத்தை அடிப்படையாக வைப்பது என்று முடிவு செய்துகொண்டு, மற்றவற்றை அதற்குச் சரியாகக் கொண்டுவாருங்கள். பள்ளிச் சான்றிதழைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 2024 அக்டோபரில் ஒரு விபத்து நஷ்ட ஈட்டு வழக்கில், இறந்தவரின் வயதை முடிவு செய்ய உச்ச நீதிமன்றம் ஆதாரை ஏற்காமல் பள்ளிச் சான்றிதழைத்தான் ஏற்றது.

கணவருடைய வேலை, ஓய்வூதியம், இன்ஷூரன்ஸ், வங்கி இவற்றில் நம் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்பதை அவர் இருக்கும்போதே கேட்டுப் பாருங்கள். அமங்கலமாக நினைக்க வேண்டாம். அப்பா இருந்திருந்தால் ஒரே கையெழுத்தில் முடிந்திருக்கும் காரியத்துக்கு அம்மா ஏழு மாதம் அலைந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் எப்போதும் ஒரே பெயர், ஒரே எழுத்து, ஒரே ஃபோன் நம்பர் கொடுங்கள். ஒரு தடவை 'பாப்பா', ஒரு தடவை 'விசாலாட்சி' என்று கொடுத்தால் இரண்டு ஃபைல் ஆகிவிடும். எந்த மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று எழுதியிருப்பது ஒரு ஃபைலில் இருக்கும். டாக்டர் கையில் இருப்பது மற்றதாக இருக்கும்.

குழந்தைகளுக்குப் பெயர் வைக்கும் இளம் தாய்மார்களே, பிறப்புச் சான்றிதழில் ஏறும் அன்றே ஆங்கில எழுத்தைத் தீர்மானித்துவிடுங்கள். எண் கணிதம் பார்த்து ஓர் எழுத்தைச் சேர்ப்பதானாலும் அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். அது நல்ல பலன் தருமோ என்னவோ, பத்து வயதுக்கு மேல் சேர்த்தால் அலைச்சலைத் தருவது நிச்சயம்!

ரேஷன் கார்டில் 'பாப்பம்மாள்' என்று இருப்பதை மாற்றலாமா என்று அம்மாவைக் கேட்டேன். "அது எங்கப்பா வச்ச பேரு, இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். ஆனாலும் நோட்டில் அம்மாவின் பக்கத்தில், பாப்பம்மாள் என்பவளும் விசாலாட்சி என்பவளும் ஒருத்தியே என்று எழுதி, அந்த உறுதிமொழிப் பத்திரத்தின் நகலையும் பின் போட்டு வைத்திருக்கிறேன்.